மடி கிழிந்த இடங்கள்

ஏப்ரல் 15

காலை: இட்லி நாலு, தேங்காய்ச் சட்னி. வீட்டுக்காரி அமலி எண்ணியது மூன்று.

சர்க்கரை டாக்டரம்மா சொன்னபடி எழுத ஆரம்பித்துவிட்டேன். தின்பது, நடப்பது, அன்றாடம் செய்வது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். "எனக்குக் காட்ட வேண்டாம். நீங்களே படிச்சுப் பார்த்தாப் போதும், வெக்கம் வந்துரும்" என்றார். எனக்கா வெட்கம் வரும்? தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் போய் டிரைவர் கஸ்பார் யார் என்று கேட்டுப் பார்க்கட்டும். 'கடல்ராணி' விசைப்படகில் முப்பது வருடமாகச் சக்கரம் பிடிக்கிறேன். என்னைவிடக் கடல் தெரிந்தவன் இந்தக் கரையில் இல்லை. இதை நானாகச் சொல்லவில்லை, எல்லோரும் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்று தடைக்காலம் தொடங்கியது. ஜூன் பாதி வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலமாம். மீன்கள் குடும்பம் நடத்துகின்றன. நாங்கள் குடும்பத்திடம் அகப்பட்டுக்கொண்டோம்.

மதியம்: பாகற்காய். இரவு: மறுபடியும் பாகற்காய்.

ஏப்ரல் 19

நடை: துறைமுக வாசல் வரை. வழியில் மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும்தான், சத்துள்ள பண்டம். சீனியும் இருக்கும் போலிருக்கிறது.

படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. வலையை இழுக்கும் எங்கள் வின்ச்சைப் பார்த்துக்கொள்ளும் வெனான்சி மட்டும் படகில் உட்கார்ந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் பேசுவது அபூர்வம். "என்ன டிரைவரே" என்றான். "ஒன்றுமில்லை" என்றேன். இருவருக்கும் திருப்தியாக இருந்தது.

ஏப்ரல் 26

அமலியின் ஊர் வெள்ளைத்துறையில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் கொடியேற்றம். திருவிழா முடியும் வரை அங்கேதான் இருக்க வேண்டும் என்கிறாள். நான் வரவில்லை என்றேன். காரணம் அவளுடைய தம்பி தொம்மை. பைபர் வள்ளம் என்கிற சின்னப் படகில் போய்த் தூண்டில் போடுகிறவன். என்னிடம் பேச்சை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. கடலில் விரித்திருந்த அவன் நண்டு வலையை ஏதோ ஒரு விசைப்படகு இழுத்துக்கொண்டு போய்விட்டது. துறைமுகத்தில் நூற்றுக்கணக்கில் படகு நிற்கிறது. எந்தப் படகு செய்ததோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம். அவன் என்னை மட்டும் பார்த்து முறைக்கிறான்.

"வரலேன்னா இங்கேயே இருங்க. பாகக்காய் அரிஞ்சு வச்சிட்டுப் போறேன்" என்றாள் அமலி.

துணிப் பையை நானே எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 28

கொடி ஏறியது. மதியம் தொம்மை வீட்டில் சாப்பாடு. என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். முழங்கை இடிக்கிற தூரம்.

"யக்கா, மச்சானுக்கு இன்னுங் கொஞ்சம் மீன் வேணுமான்னு கேளு" என்றான்.

"வேணும்னு சொல்லு" என்றேன் அமலியிடம்.

"சுகர் இருக்குல்லா, கொழம்பு ஊத்திச் சோறு வேண்டாமான்னு கேளு."

"மீனுக்குச் சுகர் கிடையாதுன்னு சொல்லு. சோறும் கொஞ்சம் வைக்கச் சொல்லு."

அமலி கரண்டியை எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். நாங்கள் இருவரும் கரண்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தோம். விளைமீன் குழம்பு. மூன்று துண்டு. நான்கு.

மே 2

தொம்மையின் வள்ளத்தில் கூட வந்துகொண்டிருந்த ஆள் கொல்லத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். திருவிழா நேரத்தில் வேறு ஆள் கிடைக்காது. காலையிலிருந்து தொம்மை சுவரைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தான்.

"ஒத்தையாளா எப்படிக் கடலுக்குப் போறது? இரை வெட்டணும், தண்ணி எறைக்கணும், நங்கூரம் போடணும்…"

எனக்கு உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டது. ஆகவே நானும் அந்தச் சுவரிடமே சொன்னேன்: "ஆள் வேணும்னா நான் வாரேன்."

சுவர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, "தண்ணி எறைக்கத் தெரியுமாமா?" என்று கேட்டது.

மே 3

கடலுக்குப் போனேன். வாந்தி எடுத்தேன்.

இதை எழுதுவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். முப்பது வருட டிரைவர், புயலில் படகைத் திருப்பிக் கொண்டுவந்தவன், ஒரு பைபர் வள்ளத்தில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். விசைப்படகு அலையை உடைத்துக்கொண்டு போகும். இது ஒவ்வொரு அலையிலும் ஏறி இறங்கி நலம் விசாரித்துவிட்டுப் போகிறது.

"காலைல என்ன சாப்பிட்டீரு?" என்றான் தொம்மை. மூன்று வருடத்தில் அவன் நேராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"நீயே பாத்துக்கோ" என்று கடலைக் காட்டினேன்.

அவன் சிரித்துவிட்டான். அடக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு இன்னொரு வாந்தியும் வந்தது.

மீன்: கூடையின் அடி மறையவில்லை.

மே 6

வாந்தி இல்லை. இன்றும் மீன் இல்லை. வரவர இந்தப் பக்கம் தூண்டிலுக்கு ஒன்றும் அகப்படுவதில்லை என்றான் தொம்மை. "உங்க லாஞ்சி எல்லாம் ராத்திரி பகலா வழிச்சுக்கிட்டுப் போனா எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்றான்.

"நாங்க ராத்திரி போறதில்ல. ஒன்பது மணிக்குள்ள கரைக்கு வந்துருவோம்" என்றேன்.

"சரி, பகலா வழிச்சுக்கிட்டு."

நாளை இவனுக்கு ஒன்று காட்டப் போகிறேன்.

மே 8

நேற்று எழுதவில்லை. கை வீங்கிவிட்டது. நல்ல வீக்கம்.

முதலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் இழுவை மடி என்கிற வலை கடலடிச் சேற்றை ஒட்டி வழித்துக்கொண்டு வரும். அடியில் அங்கங்கே கல் இருக்கிறது. கல்லில் மாட்டினால் மடி கிழிந்துபோகும், அன்றைய பிழைப்பும் போகும். அதனால் டிரைவருக்கு முக்கியம் மீன் எங்கே என்பது இல்லை, கல் எங்கே என்பதுதான். அந்தக் கல் எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. கருவியில் பதிந்து வைத்தால் எவனாவது எடுத்துக்கொள்வான், தலைக்குள் கை விட முடியாது. கோயில் கோபுரமும் அனல் மின் நிலையப் புகைபோக்கியும் எப்படி நேர்கோட்டில் வருகின்றன என்று பார்த்தே சொல்லிவிடுவேன். ஒவ்வொரு கல்லுக்கும் எனக்குத் தொல்லை கொடுத்தவர்கள் பெயரை வைத்திருக்கிறேன். வெள்ளைத்துறைக்கு நேரே வெளிக்கடலில் இருப்பது மாமியார் கல்.

அங்கேதான் தொம்மையைக் கூட்டிப் போனேன். தூண்டில் அடியைத் தொட்டதும் இழுத்தது. களவாய். அடுத்தது விளைமீன். பிறகு எது விழுகிறது என்று பார்க்க நேரமே இல்லை. சாளை இரை தீர்ந்து, வெறும் துணிக் கிழிசலைக் கட்டிப் போட்டாலும் கடித்தது. நான் கத்திய கத்தலில் தொண்டை போய்விட்டது. விசைப்படகில் மீன் மொத்தமாக மேலே வந்து கொட்டும். அதில் பாதிக்கு மேல் விரல் நீளக் குஞ்சும் குப்பையும்தான். அதைக் கோழித் தீவனத்துக்கு அள்ளிவிடுவோம். இங்கே ஒவ்வொரு மீனும் தனித்தனியாக என்னுடன் சண்டை போட்டு மேலே வந்தது. இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"மச்சான், இது பாரு! பெரிய பாரு!" என்றான் தொம்மை. நாங்கள் கல் என்பதை இவர்கள் பார் என்கிறார்கள். "எங்க அப்பன் தேடித் தேடிக் கிடைக்காத பாரு. இதுக்கு என்ன பேரு வச்சிருக்கீரு?"

சொன்னேன்.

"எங்க அம்மை பேரையா?"

"என் மடி ரெண்டு தடவ இங்க கிழிஞ்சிருக்கு மாப்ள. வேற என்ன பேரு வைக்கச் சொல்லுத?"

மதியம்: களவாய்த் தலை. சோற்றைப் பற்றி எழுதவில்லை.

மே 10

தொம்மை சின்ன வயதில் சங்கு குளித்தவன். கல்லில் என்ன இருக்கிறது என்று பார்த்து வருகிறேன் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்துவிட்டான். எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழம். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு வாய் ஓயாமல் பேசினான். விசிறி விசிறியாகச் செடி மாதிரி நிற்கிறதாம், சிவப்பும் மஞ்சளும். சந்து தோறும் சிங்கி இறால் மீசை ஆட்டுகிறதாம். கல்லின் மறைவில் கணவாய் முட்டை குலைகுலையாகத் தொங்குகிறதாம். முப்பது வருடமாக இதற்கு மேலே போய் வந்திருக்கிறேன். கடலடியில் எனக்குத் தெரிந்தது எல்லாம் மடியில் செத்து வருவது மட்டும்தான்.

"இன்னொண்ணும் கெடக்கு" என்று மறுபடி மூழ்கினான். கத்தியால் எதையோ அறுத்துக் கொண்டுவந்தான். பச்சை மடித் துண்டு. பாசி பிடித்திருந்தாலும் ஓரத்தில் போட்டிருந்த முடிச்சு எனக்குத் தெரிந்தது. அது என் முடிச்சு, வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள். அதற்குள் நாலைந்து நண்டு செத்து ஓடாகக் கிடந்தன.

தொம்மை அந்தத் துண்டை என் காலடியில் வைத்துவிட்டுத் தூண்டிலை எடுத்தான். நான் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். வெயில் கடுமையாக இருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது.

மே 13

திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகப் போகிறது. அமலிக்கு ஊரை விட்டு வர மனம் இல்லை. அவளுக்காகத்தான் இருக்கிறேன். அவள் இரண்டு முறை பையைக் கட்டினாள், அது வேறு விஷயம்.

மே 14

முதலாளி மிராண்டா அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். உடனே வா என்றார். போனேன்.

படகுக்குப் புது வர்ணம் அடித்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒரு புது மடி கிடந்தது. அடிக் கயிறு முழுக்க இரும்பு உருளைகள், ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு.

"இது கல்லு மேல உருண்டு போயிரும் கஸ்பாரு. இனி மடி கிழியாது. சேத்துல என்ன மீனு மிச்சம் இருக்கு? இருக்கிறதெல்லாம் கல்லுலதான் இருக்கு. இத்தன வருசம் நாம ஒதுங்கி ஒதுங்கிப் போன இடமெல்லாம் இனி நம்ம இடம்" என்றார் அண்ணாச்சி. "எந்தக் கல்லு எங்க இருக்குன்னு உம்மளத் தவிர எவனுக்குத் தெரியும்?"

நான் என்ன செய்தேன்? நெற்றியைத் தட்டிக் காட்டி, "எல்லாம் இங்க இருக்கு அண்ணாச்சி. வெள்ளைத்துறைக்கு வெளிய மட்டும் ஒரு பெரிய கல்லு கெடக்கு" என்றேன். என் வாயை என்ன செய்வது? புகழ்ந்தால் திறந்துகொள்கிறது.

அண்ணாச்சி என் தோளில் கை போட்டார். இந்த வருடம் மற்ற டிரைவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து வயிறு எரிவார்கள் என்றார்.

வெனான்சி கயிற்றில் கோக்காமல் கிடந்த ஒரு உருளையைக் காலால் தள்ளிப் பார்த்தான். அது உருண்டு போய் ஒரு காலி மரப்பெட்டியின் மேல் ஏறியது. பெட்டி நொறுங்கிவிட்டது.

இரவு: பொரிச்ச பரோட்டா மூன்று. ஒளிக்கவில்லை. அமலிதான் வெள்ளைத்துறையில் இருக்கிறாளே.

மே 15

பரோட்டா.

மே 17

வெள்ளைத்துறை. அமலியிடம் சொன்னேன். நான் ஓட்டவில்லை என்றால் அண்ணாச்சி வேறு ஒருவனை வைத்து ஓட்டுவார், வெள்ளைத்துறைக்கு வெளியே கல் இருக்கிறது என்பது இப்போது அவருக்குத் தெரியும், என்னைத் தவிர மற்ற டிரைவர்களும் தேடினால் ஒன்றிரண்டைக் கண்டுபிடிப்பார்கள், ஆகவே நான் மாட்டேன் என்று சொன்னாலும் பிரயோஜனம் இல்லை என்று விளக்கினேன்.

"அப்ப ஓட்டப் போறீங்களா?" என்றாள்.

"தெரியலைளா."

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு உண்டுன்னு கலியாணம் ஆனதிலேருந்து இன்னிக்குத்தான் சொல்லுதீங்க" என்று சொல்லிவிட்டு மீன் அரியப் போய்விட்டாள்.

மே 25

தொம்மையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லின் மேல் நங்கூரம் போட்டுத் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். இரும்பு உருளையைப் பற்றிக் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது.

"ஒரு தடவ போனாப் போதும்லா மச்சான். அந்தச் செடி, முட்டை, எல்லாம் மாவாப் போயிரும். எங்க ஊருக்கு இது ஒண்ணுதான் இப்பக் கிடைச்சிருக்கு."

"தெரியும்லே."

"நீரு என்ன செய்யப் போறீரு?"

"எதையும் யாரிட்டயும் சொல்லாத. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். மாதா மேல் சத்தியம் வாங்கினேன். செய்தான்.

எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

ஜூன் 4

டாக்டரம்மாவிடம் போனேன். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறதாம். "என்ன செய்தீங்க?" என்று கேட்டார். பாகற்காய் என்றேன். தண்ணீர் இறைத்தேன், நங்கூரம் இழுத்தேன் என்று சொன்னால் தூத்துக்குடி டிரைவர் மரியாதை என்ன ஆவது?

ஜூன் 12

நாளை மறுநாள் நள்ளிரவோடு தடை முடிகிறது. தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். பஸ் ஏறும்போது தொம்மை ஒரு பொட்டலம் கொடுத்தான். கருவாடு. "உப்பு கம்மியாப் போட்டிருக்கு" என்றான். ஜன்னல் பக்கம் வந்து நின்றுகொண்டே இருந்தான். "போலே, வேலையப் பாரு" என்று விரட்டினேன்.

ஜூன் 15

முதல் நாள். விடியலில் எல்லாப் படகும் கிளம்பின. துறைமுகமே வெடிச் சத்தமும் மாலையுமாக இருந்தது. அண்ணாச்சி கரையில் நின்று கை காட்டினார்.

ஒரு மாதமாக மண்டையைக் குடைந்து நான் கண்டுபிடித்த வழி இதுதான்: மறந்துவிட்டது என்று சொல்வது. மாட்டேன் என்றால் வேறு ஆள் வருவான், தேடுவான். கஸ்பாருக்கே தெரியவில்லை என்றால் அங்கே தேட என்ன இருக்கிறது?

சேற்றில் ஓட்டினேன். நல்ல இறால். ஆட்களுக்குக் குறை இல்லை. கல்லில் மட்டும் மடி படவில்லை.

"நாளைக்கு ஞாயிறு. திங்கள்கிழமை கல்லுல விடும்" என்றார் அண்ணாச்சி.

ஜூன் 17

திங்கள். இங்கே என்று சொல்லி ஒரு இடத்தில் மடியை விட்டேன். சேறு. அதோ அங்கே என்றேன். சேறு. படகில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் எனக்குக் கேட்கிற மாதிரியே, "டிரைவருக்குக் கண்ணு போச்சோ?" என்றான். இந்தப் பயலுக்குக் கயிறு முடியச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

வலித்தது. பாகற்காய் தின்றதைவிட வலித்தது.

கரையில் அண்ணாச்சி: "நாளைக்கு நானே கூட வாரேன்."

ஜூன் 18

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

அண்ணாச்சி படகில் என் பக்கத்திலேயே நின்றார். வெள்ளைத்துறைக்கு வெளியே போகச் சொன்னார், போனேன். மாமியார் கல்லுக்கு மேல் வள்ளங்கள் நின்றன. ஒன்று இரண்டு அல்ல, ஊரின் அத்தனை வள்ளமும். நெருக்கமாக நங்கூரம் போட்டு, கொடி கட்டி, நடுவில் தொம்மை எழுந்து நிற்கிறான்.

சத்தியம் செய்த முட்டாள் பயல் ஊர்க்கமிட்டியில் போய்ச் சொல்லியிருக்கிறான். ஊரே திரண்டு கல்லைக் காவல் காக்க வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கடலில் கல் எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டிய மாதிரி!

"பாத்தீரா வே!" என்று அண்ணாச்சி துள்ளினார். "அம்புட்டு வள்ளமும் ஒரே எடத்துல நிக்கு. அங்கதான் கல்லு. விடும் அங்க."

ஓட்டினேன். வேறு வழியில்லை. நெருங்க நெருங்க ஆழம் காட்டும் கருவியின் திரையில் அடித்தரை கறுப்பாக, கெட்டியாக மாறத் தொடங்கியது. கல் வந்துவிட்டது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். திரும்பி நின்று முதுகால் திரையை மறைத்துக்கொண்டேன். டாக்டரம்மா குறைக்கச் சொன்ன உடம்பு முதல் முறையாக உபயோகப்பட்டது.

வள்ளங்களுக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்தினேன். எங்கள் ஆட்கள், வள்ளங்களில் ஊர் ஆட்கள், எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். முப்பது வருடம் சேர்த்த பெயர். அதைப் பிடித்துத் தண்ணீரில் போட்டேன்.

"அண்ணாச்சி, இது இல்ல. இங்க கல்லு கிடையாது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். "உண்மையச் சொல்லிருதேன். எனக்குக் கல்லு ஒண்ணும் தெரியல. சுகர்ல கண்ணும் மங்கிட்டு, புத்தியும் மங்கிட்டு. வெக்கத்துல சொல்லாம இருந்தேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், வள்ளங்களைப் பார்த்தார். "அப்ப இவனுவ எதுக்கு இங்க நிக்கானுவ?"

தொம்மை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் புரிய வேண்டும், புரிந்தாலும் என்னை நம்ப வேண்டும். அவன் நகர்ந்தால் கல் திறந்து கிடக்கும். கல்லுக்கு மேல் இரும்பு உருளையோடு நிற்பவன் நான். மூன்று வருடம் என்னோடு பேசாமல் இருந்தவன் அவன். நான் அவன் இடத்தில் இருந்தால் நகர்ந்திருக்க மாட்டேன்.

தொம்மை திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏலே, கேட்டீங்களாலே! கஸ்பாரு வாராரு, கஸ்பாரு வாராருன்னு எல்லாரும் வேலையப் போட்டுட்டு வந்து நிக்கோம். அவருக்குக் கல்லும் தெரியல, ஒண்ணும் தெரியலையாம்! இந்த மனுசனுக்கா பயந்தோம்? வெறும் சேத்துல நின்னு வெயில் காஞ்சதுதான் மிச்சம். எடுங்கலே நங்கூரத்த!"

தன் நங்கூரத்தை முதலில் எடுத்தான். மற்ற வள்ளங்கள் அசையவில்லை. கல் எங்கே இருக்கிறது என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தொம்மை யாரையும் திரும்பிப் பார்க்காமல் எஞ்சினை இழுத்துக் கிளம்பினான். பிறகு ஒரு வள்ளம் கிளம்பியது. பிறகு இன்னொன்று. கடைசியில் மாமியார் கல்லுக்கு மேல் நான் மட்டும்தான் நின்றேன்.

"ஆனாலும் இங்க ஒரு தடவ விட்டுப் பாரும்" என்றார் அண்ணாச்சி.

"விடுதேன் அண்ணாச்சி" என்று சக்கரத்தைத் திருப்பினேன். மடி விட வாகாக வளைய வேண்டும் அல்லவா, அப்படியே வளைந்து வளைந்து வெளிக்கடலுக்குக் கொண்டுபோய்விட்டேன். எங்கே வந்துவிட்டோம் என்று வெனான்சிக்குத் தெரியும். வின்ச்சில் கம்பி போகிற சத்தத்திலேயே அடியில் சேறா கல்லா என்று சொல்லிவிடுவான். அண்ணாச்சி அவனிடம், "இதானா வே அந்த எடம்?" என்று கேட்டார்.

"இதான்" என்றான் வெனான்சி. பத்து நாள் பேச்சை ஒரே சொல்லில் செலவழித்துவிட்டான்.

மடி மேலே வந்தது. சேறு, சொறிமீன், மூன்று கால் உள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெனான்சி நாற்காலியைக் கழுவி அண்ணாச்சி பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

அண்ணாச்சி உட்காரவில்லை. இறங்கும்போது மெதுவாக, "கஸ்பாரு, நீரு கொஞ்ச நாளு வீட்டுல இரும். உடம்பப் பாத்துக்கிடும்" என்றார். நல்ல மனிதர்தான். உருளைகளைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடப் போவதாகச் சொன்னார்.

சக்கரத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்து அமலியின் முன்னால் அழுதேன். வெயில் இல்லை.

அவள் மூன்று இட்லி வைத்தாள். பிறகு நாலாவதையும் அவளே வைத்தாள்.

ஜூன் 22

வெள்ளைத்துறைக்கே வந்துவிட்டோம். நான் இப்போது தொம்மை வள்ளத்தில் ஆள். இரை வெட்டுவது, தண்ணீர் இறைப்பது. வாந்தி வாரத்துக்கு ஒரு முறைதான்.

துறைமுகத்தில் புது டிரைவர் வந்திருக்கிறானாம். வெள்ளைத்துறைப் பக்கம் வெறும் சேறு, அங்கே போய் எண்ணெயைக் கொளுத்தாதே என்று அண்ணாச்சியே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

நடந்தது என்ன என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஊருக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. அது வெளியே போகாமல் இருக்க, தூத்துக்குடி வியாபாரிகள் ஏலத்துக்கு வரும்போது ஊரே என்னைக் கேலி செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. "கண்ணு தெரியாத டிரைவரு வாராரு, வழி விடுங்கலே!" என்று கத்துகிறார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து மணலில் நடத்திக் கூட்டிப் போனாள். இவ்வளவு ஆர்வமாகச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஜூன் 29

காலை: இட்லி மூன்று. மெய்யாகவே மூன்று.

மாமியார் கல்லில் தினமும் எல்லா வள்ளமும் நிற்கின்றன. இன்று நான் இழுத்த களவாய் உள்ளங்கை நீளம்கூட இல்லை. கொக்கியைக் கழற்றித் திரும்பவும் கடலில் விட்டேன். அடுத்ததும் அப்படித்தான். அதையும் விட்டேன். தொம்மை முகத்தைச் சுளித்தான்.

கொஞ்ச நேரம் கழித்து நைசாக என் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தான். வெற்றிலை கொடுத்தான். கால் பிடித்துவிடட்டுமா என்றுகூடக் கேட்டான்.

"மச்சான், இது மாதிரி இன்னும் எத்தன பாரு உம்ம தலைக்குள்ள இருக்கு?"

"இருக்கு."

"அடுத்தது எங்க இருக்கு? யாரிட்டயும் சொல்ல மாட்டேன். மாதா மேல சத்தியம்."

கோயில் கோபுரத்தைப் பார்த்தேன், புகைபோக்கியைப் பார்த்தேன். கையைக் கண்ணுக்கு மேல் குடையாக வைத்துக்கொண்டு நாலு திசையும் நன்றாகத் தேடினேன்.

"எனக்குத்தான் கண்ணு தெரியாதே மாப்ள" என்றேன்.